இரும்புப் படியில் நின்று புருஷனைக் கூப்பிட்டது

பாறைக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்த அம்மிக்கல் வாசனை. அதை அவ்வளவு கிட்டத்தில் நான் மோந்து பார்த்ததற்கு பக்தி காரணமில்லை. மூக்கைத் திருப்பப் பயம்.

காலுக்கு அடியில் ஒரு இரும்புப் படி. படி என்றால் படி இல்லை, காகிதத்தில் குத்துகிற ஸ்டேப்ளர் பின் மாதிரி வளைத்துப் பாறைக்குள் அடித்த கம்பி. கைக்கு மேலே இன்னொன்று. பக்கத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு இரும்புக் கயிறு, பாறையோடு பாறையாக ஓடுகிறது. என் இடுப்பில் பெல்ட்டு. பெல்ட்டிலிருந்து இரண்டு கயிறு, கயிற்று முனையில் இரண்டு கொக்கி. கொக்கி இரண்டும் இரும்புக் கயிற்றைக் கவ்வியிருக்கும் வரை சாவு வராது என்று சொல்லியிருந்தார்கள்.

கீழே பார்த்தேன். பைன் மரங்களின் உச்சந்தலை தெரிந்தது. மரத்தைக் கீழேயிருந்து பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். மேலேயிருந்து பார்த்தால் மரத்துக்கு மரியாதை குறைந்துவிடுகிறது.

எனக்கு முன்னால் கமலா. கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்று ஒவ்வொரு படியாகத் தடவித் தடவிப் போனாள். அவளுக்கு முன்னால் அவள் புருஷன் டாக்டர். டாக்டருக்கு முன்னால் என் வீட்டுக்காரர். அவருக்கும் முன்னால், பாறை திரும்புகிற மூலையைத் தாண்டி, என் மகள் உமா. அவளைத் தன் கயிற்றோடு கட்டிக்கொண்டு ஹான்ஸ் என்கிற வெள்ளைக்காரர் போனார்.

எல்லாருக்கும் கடைசி நான். கடைசியில் நிற்பதில் ஒரு வசதி உண்டு. எல்லாருடைய முதுகும் நமக்குத் தெரியும், நம் முதுகைப் பார்க்க ஆள் கிடையாது.

அப்போதுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரருடைய இரண்டு கொக்கியும் இரும்புக் கயிற்றில் இல்லை. அவர் இடுப்புக்குக் கீழே ஜிமிக்கி மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

பதறாதீர்கள். அவர் விழவில்லை. இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அங்கேயே கொஞ்ச நேரம் தொங்கட்டும். இந்த மலைக்கு நாங்கள் எதற்குப் போனோம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

டோலார்டில் கால் எதற்கு?

கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்த புதிதில் லாசாலில் ஒரு அடுக்கு வீட்டில் இருந்தோம். படி இறங்கினால் கடை, கடைக்கு எதிரே பஸ். பாஷை தெரியாவிட்டாலும் பால் வாங்கலாம். மாடு மாதிரி கத்திக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள். நான் கத்திக் காட்டியிருக்கிறேன்.

அப்புறம் என் வீட்டுக்காரருக்கு எஞ்சினியர் சம்பளம் கொஞ்சம் ஏறியது. நகரத்துக்கு வெளியே டோலார்ட்-டெஸ்-ஓர்மோவில் தனி வீடு வாங்கினார். பின்னால் தோட்டம், முன்னால் புல், சுற்றி ஒன்றுமே இல்லை. அந்த ஊரில் தெருவில் நடந்து போனால் யாராவது காரை நிறுத்தி, "என்னம்மா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்பார்கள். எல்லாரும் காலை எங்கேயோ அடகு வைத்துவிட்டு நாலு சக்கரம் வாங்கிக்கொண்டவர்கள்.

இவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டினபிறகுதான் வருவார். பனிக்காலத்தில் ஊறுகாய் ஜாடிக்குள் போட்ட மாங்காய் மாதிரி நான் வீட்டுக்குள் ஊறிக்கொண்டிருப்பேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு ஜனவரி மாதம் உமாவுக்குக் காதுவலி வந்தது. காதைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். ஆபீசுக்கு போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். டாக்சி வருகிறேன் என்றது, வரவில்லை. குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பனியில் நடந்தேன். என் கண்ணிமை மயிரெல்லாம் ஒட்டிக்கொண்டது. அழுததும் உறைந்தது. கிளினிக்கில் அந்த நர்ஸ் என் விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். அவள் பிரெஞ்சில் திட்டினாளா ஆறுதல் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் கேட்டேன்.

"நான் கார் ஓட்டக் கத்துக்கணுங்க."

"நீயா?" சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். "ஸ்டூல் மேல ஏறி மிளகாத்தூள் டப்பா எடுக்கவே உனக்குக் காலு நடுங்குது. ஹைவேயில லாரி வந்தா என்ன பண்ணுவே, கும்புடுவியா?"

"நீங்க இப்ப என்ன பண்றீங்க?"

"நான் எஞ்சினியர்டி!"

பனி உருகும் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஹான்ஸின் ஏணி

ஹான்ஸ் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர். ஆஸ்திரியாக்காரர். ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தம்ளர் கேட்பார். நல்ல மனுஷன்.

அவர் ஊர்ப் பக்கமெல்லாம் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் மலைச்சுவரில் இரும்புப் படியும் கயிறும் அடித்து வைத்தார்களாம். பிற்பாடு சண்டை முடிந்து, ஜனங்கள் அதில் பொழுதுபோக்குக்கு ஏற ஆரம்பித்தார்களாம். எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. பொழுது போகவில்லை என்றால் நாங்கள் பட்டாணி உரிப்போம்.

அந்த ஊர் ஞாபகத்தில் ஹான்ஸும் அவர் சிநேகிதர்களும் மொன்றியலுக்கு வடக்கே லாரன்ஷியன் மலையில், ஒரு சின்னப் பாறைச்சுவரில் அதே மாதிரி அடித்து வைத்திருந்தார்கள். "குழந்தைகளுக்கே போதும், அவ்வளவு சுலபம். குடும்பத்தோடு வாருங்கள்" என்றார்.

இதைச் சொன்னபோது பக்கத்து ஊர் கர்க்லாண்டிலிருந்து டாக்டரும் கமலாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். ஆள் இருந்தால் என் வீட்டுக்காரருக்குக் குரல் கொஞ்சம் உயரும்.

"இவளா? மலையா?" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். "டாக்டர், நீங்க சாட்சி. அந்த உச்சிய இவ கையால தொட்டுட்டா, மறு திங்கக்கிழமையே இவள டிரைவிங் கிளாஸ்ல சேக்கறேன்."

"சார், பேச்சு மாற மாட்டீங்களே?" என்றார் டாக்டர்.

"பேச்சுன்னா பேச்சு."

நான் அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். அப்போதே மனதுக்குள் கியர் போட்டுவிட்டேன்.

மிஸ்டர் ஹஸ்பெண்ட்

இங்கே ஒரு விஷயம் சொல்லாவிட்டால் மலைக்கதை விளங்காது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். அவர் பேர் ஒரு சாமியின் பேர் வேறு. அதனால் அந்தச் சாமியையும் "ஏங்க சாமி" என்றுதான் கும்பிடுவேன். அவருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

இவரும் லேசுப்பட்டவரில்லை. "ஏய்", "இந்தா", "இங்க பாரு". இந்த மூன்றிலேயே எங்கள் சம்சாரம் நடந்துவிட்டது.

எக்ஸ்போ என்கிற உலகப் பொருட்காட்சி மொன்றியலில் நடந்த கோடையில், ஆற்று நடுத் தீவில் அந்தக் கூட்டத்தில், இவரைத் தொலைத்துவிட்டேன். உமா என் இடுப்பில். யூனிபாரம் போட்ட ஒரு பெண், ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறேன், பேர் சொல் என்றாள்.

"ஹஸ்பெண்ட்" என்றேன்.

"பேர்?"

"ஹஸ்பெண்ட்."

அவள் என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பாவம், மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டேவிட்டாள்: "மிஸ்டர் ஹஸ்பெண்ட்! மிஸ்டர் ஹஸ்பெண்ட்!" தீவு முழுக்கச் சிரித்தது. இவரும் எங்கேயோ ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாராம். எவனுக்கோ பேரைப் பார் என்று.

பச்சைக் கால்சட்டை

மலைக்குப் போனது ஜூன் மாதம். புடவையோடு ஏற முடியாது என்று ஹான்ஸ் முன்னாலேயே சொல்லிவிட்டார். டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற பச்சைக் கால்சட்டை இரண்டு கொண்டுவந்தார். எனக்கு ஒன்று, கமலாவுக்கு ஒன்று. நாடா வைத்தது, உள்பாவாடை மாதிரியே கட்டிக்கொண்டோம். தாலியைச் சட்டைக்குள் போட்டு ஊக்கு குத்திக்கொண்டோம். தலையில் குண்டான் மாதிரி ஒரு தொப்பி. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, நம்மள யாராவது போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிடப் போறாங்க."

"அனுப்பட்டும்டி. சாந்தி முகூர்த்தத்துக்கு அப்புறம் நான் பயந்த நாள் இதுதான்னு எழுதிப் போடு."

ஹான்ஸ் பாடம் நடத்தினார். என் இங்கிலீஷ் மாடு மாதிரி கத்திப் பால் வாங்கின இங்கிலீஷ். அதனால் உமாதான் தமிழில் சொன்னாள். எட்டு வயசு, பள்ளிக்கூட வாத்தியார் தோரணை.

"அம்மா, இரும்புக் கயிறு பாறையில மாட்டியிருக்கற இடம் வரும்ல, அங்க ஒரு கொக்கிய எடுத்து அந்தப் பக்கம் போடணும். அப்புறம்தான் ரெண்டாவதை எடுக்கணும். ரெண்டையும் ஒண்ணா எடுக்கவே கூடாதாம்."

"சரி."

"அப்புறம், யாரையாவது கூப்பிடணும்னா முதல்ல பேர் சொல்லணுமாம். பேர் சொல்லாம கத்தினா ஒவ்வொருத்தரும் வேற யாரையோன்னு நினைச்சுப்பாங்களாம்."

கமலா என்னைப் பார்த்தாள். நான் கமலாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் தொப்பிக் கயிற்றை இறுக்கிக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் பாடத்தைக் கேட்கவில்லை. டாக்டருக்கு அந்த இரும்பு எத்தனை ஆள் கனம் தாங்கும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏற ஆரம்பித்ததும் கமலா "ஏங்க", "ஏங்க" என்று டாக்டரைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஏங்க, கொசு கடிக்குது. ஏங்க, எந்தக் காலு முதல்ல? ஏங்க, திரும்பிப் போயிடலாமா? டாக்டர் "என்னம்மா, என்னம்மா" என்று ஓய்ந்துபோனார்.

முதல் ஐந்தாறு படியில் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒரு சங்கதி பிடிபட்டது. கையை விட்டால் பயம், பிடித்தால் பயமில்லை. அடுப்படியில் சூடான பாத்திரத்தை இறக்குவதைவிட இது லேசு. பாறையில் வெயில் பட்டு வெதுவெதுப்பாக இருந்தது. உச்சியில் ஹான்ஸ் நட்டுவைத்திருந்த சிவப்புத் துணி தெரிந்தது. தொட்டுவிடலாம் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

நாலு கூப்பாடு

இப்போது தொங்கவிட்டவரிடம் வருவோம்.

ஏணி முடிந்து, பாறையில் ஒரு அடி அகலத்துக்கு ஒரு விளிம்பு. பக்கவாட்டில் நடந்து போகவேண்டும். பாறை முழங்கை மாதிரி வளைந்திருந்ததால் ஏணியில் நின்ற எனக்கு இவர் தெளிவாகத் தெரிந்தார். விளிம்பு முடிகிற இடத்தில் டாக்டருக்குப் பாடம்.

"இங்க பாருங்க டாக்டர், இந்தக் கொக்கியில ஒரு ஸ்பிரிங் இருக்கு. இதுதான் சூட்சுமம்." ஒரு கொக்கியைக் கழற்றி ஆட்டிக் காட்டினார். "இது மூடலைன்னா இன்னொண்ணு இருக்கு." அதையும் கழற்றிக் காட்டினார். காட்டி முடித்து இரண்டையும் கீழே விட்டுவிட்டார். டாக்டர் தன் காலைப் பார்த்துக்கொண்டே "ஆமா சார், ஆமா சார்" என்றார்.

இவருக்கு அடுத்த அடி வைக்க விளிம்பு இல்லை. மொட்டைப் பாறையில் இரும்புப் படிகள் மட்டும். கீழே நாலு மாடி உயரத்துக்குக் காற்று.

"ஏங்க!" என்று கத்தினேன்.

"என்னம்மா, என்ன?" என்றார் டாக்டர்.

"நான் கூப்பிடலைங்க!" என்றாள் கமலா, கண்ணைத் திறக்காமல்.

என் வீட்டுக்காரர் திரும்பாமலே, "டாக்டர், உங்களைத்தான் கூப்பிடறாங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு காலைத் தூக்கினார்.

"கொக்கி! கொக்கி!" என்றேன்.

டாக்டர் தன் கொக்கியைப் பார்த்தார். கமலா கண்ணைத் திறந்து தன் கொக்கியைப் பார்த்தாள். நான்கூட என் கொக்கியைப் பார்த்தேன். பார்க்காத ஒரே ஆள், கொக்கியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

"உமா அப்பா!" என்றேன்.

அது இன்னும் வம்பாகப் போயிற்று. அவர் காதில் 'உமா' மட்டும் விழுந்தது. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று, "உமாவுக்கு என்ன? உமா!" என்று பதறி, பாறையைப் பிடித்திருந்த கையை விட்டு அடுத்த இரும்புக்குத் தாவப் போனார்.

வயிற்றுக்குள் இருந்த காற்றையெல்லாம் திரட்டி, அவர் பேரைச் சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. மொட்டைப் பேராக, வாத்தியார் ஆஜர் எடுக்கிற மாதிரி, முழுசாக. மலை அதை வாங்கி எனக்குத் திருப்பிச் சொன்னது. எதிர்ப்பக்கம் காக்கைகள் எழுந்து பறந்தன.

தூக்கிய கால் பழைய இடத்துக்கு வந்தது. இரண்டு காலும் ஒட்டி நின்றன. முதுகு நேரானது. என் வீட்டுக்காரர் லாரன்ஷியன் மலையைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"உள்ளேன் ஐயா!"

அந்தப் பேரை அந்தக் குரலில் கடைசியாகக் கூப்பிட்டவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராகத்தான் இருக்கவேண்டும்.

"ஆடாதீங்க," என்றேன். "கொக்கிய மாட்டுங்க. உங்களுது."

குனிந்து பார்த்தார். முகம் சாம்பல் பூத்துப்போனது. கொக்கி இரும்புக் கயிற்றை இரண்டு மூன்று தடவை தப்பியது. அப்புறம் 'டக்'. இன்னொரு 'டக்'. என் கல்யாணத்துக் கெட்டிமேளம்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி கொடுத்ததில்லை.

முதலில் வாயைத் திறந்தவள் கமலாதான்.

"அக்கா... பேரைச் சொல்லிட்டீங்களே அக்கா! ஆயுசு குறையும்பாங்களே!"

"இருந்தாத்தானேடி குறையும்! சொல்லாம இருந்திருந்தா குறைக்கறதுக்கே ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

ஹான்ஸ் உமாவோடு மூலை திரும்பி வந்தார். இவர் முகத்தைப் பார்த்தார். விளிம்பிலிருந்து காட்டுக்குள் இறங்குகிற ஒரு நடைபாதையைக் காட்டி, "இன்றைக்கு இவ்வளவுதான்" என்றார்.

சிவப்புத் துணி இன்னும் கொஞ்சம் மேலேதான் இருந்தது. "அப், அப்" என்று நான் கையைக் காட்டினேன். ஹான்ஸ் முடியாது என்று தலையாட்டிவிட்டார். "நாளைக்கும் மலை இங்கயேதான் இருக்கும்னு சொல்றாரு, அம்மா," என்றாள் உமா. மலை இருக்கும். திங்கக்கிழமை இருக்குமா?

கார் நிறுத்தும் இடத்தில்

கீழே வந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். ஹான்ஸ் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினார். இரண்டு வாய் உள்ளே போனதும் என் வீட்டுக்காரருக்கு உயிரும் குரலும் திரும்பி வந்துவிட்டன. கொக்கியில் ஸ்பிரிங் சரியில்லை என்று டாக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டேன். "திங்கக்கிழமை எத்தனை மணிக்குங்க?"

"என்னது திங்கக்கிழமை?"

"டிரைவிங் கிளாஸ்."

"நீ உச்சியத் தொட்டியா?"

"இல்லை."

"அப்ப? பேச்சுன்னா பேச்சு. என்ன டாக்டர்?"

டாக்டர் சாதத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த ஜனவரிப் பனி அப்படியே கண்முன் வந்தது. இன்னொரு பனிக்காலத்தை ஜாடிக்குள் கழிக்க என்னால் முடியாது. சண்டை போடலாமா என்று வாயைத் திறந்தேன். அப்போது வாய்க்கு வேறு ஒரு யோசனை வந்தது.

"ப..." என்றேன்.

இவர் கை பாதியில் நின்றது. "என்ன?"

"ஒண்ணுமில்லை. உச்சி தொடலை, வாஸ்தவம்தான். ஒரு தடவை சொன்னது நாக்குக்குப் பழகிப்போச்சு. ப... ர..."

"ஏய், ஏய்! எல்லாரும் இருக்காங்க!"

"அதான் சொல்றேன். ஆளில்லாத இடத்துல கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? இனிமே கர்க்லாண்ட்ல பஜனைக்குப் போனாலும் இப்படித்தான் கூப்பிடப்போறேன்."

"அக்கா, வேணாங்க்கா!" கமலா காதைப் பொத்திக்கொண்டாள்.

"ப... ர... ம..."

"திங்கக்கிழமை!" என்று கத்தினார். "காலையிலயே! போதுமா?"

"அம்மா அப்பாவை என்ன சொல்கிறார்?" என்று ஹான்ஸ் இங்கிலீஷில் உமாவிடம் கேட்டார்.

"பேர் சொல்றாங்க," என்றாள் உமா. "ஆனா முழுசா இல்ல."

ஹான்ஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பாடத்தை ஒருத்தியாவது கவனித்தாளே என்று அவருக்குச் சந்தோஷம்.

திங்கக்கிழமை காலையில் டிரைவிங் வாத்தியார் எங்கள் வாசலிலேயே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிகரெட் வாசனை, பிரெஞ்சு, பெரிய தொப்பை. "போன்ழூர், மதாம்!" என்று கதவைத் திறந்துவிட்டார். நல்ல நாள் என்று பட்டுப்புடவை கட்டியிருந்தேன். உட்கார்ந்தேன், கதவைச் சாத்தினேன், அவர் காட்டினதை மிதித்தேன். கார் நகர்ந்தது. கடவுளே, நான் சொல்லி ஒரு வண்டி நகர்ந்தது.

பின்னாலிருந்து "ஏய்!" என்று சத்தம். இவர்தான், வாசலில், லுங்கியோடு. அந்த 'ஏய்' யாருக்கோ என்று ஓட்டினேன்.

"இந்தா! இங்க பாரு!"

அதுவும் யாருக்கோ.

அப்புறம் அந்தத் தெருவில், புல் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி, கல்யாணமாகி முதல் தடவையாக, அவர் வாயிலிருந்து அது வந்தது.

"மரகதம்! முந்தானை! கதவுல மாட்டி ரோட்டுல இழுபடுது! மரகதம்!"

முதல் தடவையே நன்றாகக் கேட்டது. பட்டுப்புடவை போனால் போகிறது, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று தெருமுனை வரை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனேன்.